அக்கா கேட்டு வாங்கிய பாதி

மூத்தவன் சுப்பையாவின் மகன் முருகன் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் முடித்துவிட்டான். ஒரு பாடத்தில்கூடத் தவறவில்லை. அவன் தங்கை கோமதி டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ், தமிழும் இங்கிலீஷும். இளையவன் மகன் பம்பாயில் இந்தியிலேயே பேச்சுப்போட்டியில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறான். புளியங்குடியில் இருக்கும் என் மகள் பொன்னம்மாவின் பெண், பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். அவள் தம்பி ஓட்டப்பந்தயத்தில் வாசுதேவநல்லூர் போய்க் கப் வாங்கிவந்தான். படிப்பு சுமார்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் எல்லாரும் ஆவுடையம்மாளின் பேரப்பிள்ளைகள். மற்றதை எழுதுவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

அந்தப் பத்தாம் வகுப்பு மார்க்குக்காகத்தான் நான் புளியங்குடி போயிருந்தேன். பக்கத்தில் எலுமிச்சை மண்டி. அங்கேதான் போன் உண்டு. காலையில் மண்டிக் கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதால் எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"ஆச்சி, சங்கரன்கோவில்ல இருந்து போனு. ஒங்க மூத்த மவன் பேசுனாரு."

"யாருக்கு என்ன?"

"பெரியாச்சிக்குத்தான். காப்பி குடிச்சிட்டு உக்காந்திருந்தாவளாம். அப்படியே சாஞ்சிட்டாவளாம்."

என் கையில் அரிசி கழுவிய சட்டி இருந்தது. இரண்டாம் தண்ணீரையும் ஊற்றி, களைந்து, உலையில் போட்டுவிட்டுத்தான் மகளைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் கண்டக்டர் பாக்கிச் சில்லறையை அப்புறம் தருகிறேன் என்றார். இறங்கும்போது மறக்காமல் கேட்டு வாங்கினேன். அன்றைக்கு நடந்ததில் எனக்குத் தெளிவாக நினைவிருப்பது அதுதான். வீட்டில் எல்லாரும் அழுதார்கள். நான் அக்காவின் கால் விரல்களைச் சேர்த்துக் கட்டினேன். கயிறு சரியாக நிற்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தை வாசிப்பவர்களில் தெரிந்தவர்களுக்குத் தெரியும், புதிதாகச் சம்பந்தம் ஆனவர்களுக்காகச் சொல்லுகிறேன். ஆவுடையம்மாள் எனக்குக் கூடப்பிறந்த அக்கா. என் வீட்டுக்காரருக்கு மூத்த தாரம். அவளுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் போயும் குழந்தை இல்லை. மாமியார் வேறு இடத்தில் பெண் பார்க்க ஆரம்பித்ததும் அக்கா எங்கள் அப்பாவிடம் வந்து, தங்கச்சியைக் கொடுங்கள் என்று கேட்டாள். என்னிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "வெளியில இருந்து ஒருத்தி வந்தா நான் அடுப்படியில சம்பளமில்லாத ஆளு. நீ வந்தா நான் அக்கா." அப்போது வெள்ளைக்காரன் ஆட்சிதான். இரண்டு தாரம் கூடாது என்ற சட்டமெல்லாம் பின்னால் வந்தது. இரண்டு கல்யாணமும் ஊரறிய, மேளம் வைத்து நடந்தவை.

அவர் கோவில்பட்டி தாலுகா ஆபீஸில் டபேதார். சிவப்புப் பட்டையும் வில்லையும் போட்டுக்கொண்டு தாசில்தாருக்கு முன்னால் நடக்கிற உத்தியோகம். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கள் முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். பிள்ளைகளைப் பெற்றது நான். குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டது, வாத்தியாரிடம் சண்டை போட்டது எல்லாம் அவள். பிள்ளைகள் அவளைப் பெரியம்மா என்பார்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் அம்மா என்று அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

அவர் ரிட்டயர் ஆகிற வருஷம்தான் இந்தக் கதை தொடங்கியது. பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் அதற்கு ஈடாக மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். வேண்டாம் என்றால் முழுப் பென்ஷனும் மாதாமாதம் வரும். எது வேண்டும் என்று அவரே சொல்ல வேண்டும். பொன்னம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவர் மொத்தமாக வாங்கலாம் என்றார். அக்கா, "மொத்தமா வாரது மொத்தமாப் போயிரும். மாசாமாசம் வாரது நம்மகூட இருக்கும்" என்றாள். கடைசியில் கல்யாணம்தான் ஜெயித்தது. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

அதற்கு அடுத்த கேள்வியில்தான் சிக்கல். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த போட்டோ வேண்டும் என்றார்கள். அவர் காலத்துக்குப் பிறகு குடும்பப் பென்ஷன் யாருக்கு என்று காட்டுவதற்கு அது. அவரோடு வேலை பார்த்த ஒருவர் டீக்கடையில் வைத்து அவரைப் பயம் காட்டிவிட்டார்.

"ரெண்டு பொண்டாட்டின்னு காயிதத்துல ஏறிச்சின்னா ஒமக்குப் பென்ஷனே கெடையாதுவே. சட்டப்படி குத்தம். கம்முனு ஒருத்திய மட்டும் காட்டும்."

அது தப்பான பேச்சு. சட்டத்துக்கு முந்திக் கட்டியவர்களுக்கு அது பொருந்தாது. ஆனால் அதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் கேட்டதிலேயே மாட்டிக்கொள்வோம் என்று இவருக்குப் பயம். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருத்தி என்றால் யார் என்று அவர் வாயால் சொல்லவும் இல்லை. அக்காதான் சொன்னாள்.

"பிள்ளை பெத்தவ அவ. பிள்ளையளுக்கும் பேரு நிக்கணும்லா. அவளே நிக்கட்டும்."

ஸ்டூடியோவுக்கு மூன்று பேரும் போனோம். எனக்குத் தலை சீவிவிட்டது அவள். அவளுடைய சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். போட்டோக்காரர் துணிக்குள் தலையை விட்டபோது கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "ஏட்டி, மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்கே? சர்க்கார் பாக்கப்போவுது, சிரி" என்றாள். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருப்பது அவளைப் பார்த்துத்தான்.

சில வருஷங்களில் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் கோவில்பட்டியிலிருந்து ஆபீஸ்காரர்கள் வந்து நடு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் காகிதத்தில் இருப்பது போலவே எல்லாம் நடக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நாங்களாகச் செய்துகொண்டோம். தாலியைக் கழற்றி வாங்கியது என்னிடம் மட்டும். அக்கா நெற்றியில் குங்குமத்தோடு அடுப்படியில் இருந்தாள். வந்தவர்களுக்கு இலை போட்டாள், சாம்பார் ஊற்றினாள். ஒருவர், "கொஞ்சம் மோர் ஊத்துங்கம்மா" என்றார். ஊற்றினாள்.

பிறகு வாரிசு சான்றிதழுக்கு விசாரணை. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் புதிதாக மாற்றலாகி வந்தவர், எங்களைத் தெரியாதவர். தெருக்காரர்கள் எல்லாரும் எங்களுக்காக ஒரே மாதிரிச் சொன்னார்கள், மனைவி நான் ஒருத்திதான் என்று. அவர் எழுதிக்கொண்டே அக்காவைப் பார்த்து, "இந்த அம்மா யாரு?" என்றார்.

"அவளுக்கு அக்கா."

"உங்க வீட்டுக்காரர் எங்க?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கொஞ்சமும் தடுமாறவில்லை.

"வெளியூர் போயிருக்காவ. வர நாளாகும்."

அவர் அதை எழுதக்கூட இல்லை. பென்ஷன் என் பெயருக்கு வந்தது. அக்கா சொன்ன அந்தச் சொல்லுக்காக அவள் தாலியும் குங்குமமும் அப்படியே இருந்தன. அவள் அழுது நான் பார்க்கவில்லை. வெளியூர் போனவருக்காக எப்படி அழுவாள்?

வருஷத்துக்கு ஒருமுறை நான் சப்-டிரஷரிக்குப் போய், உயிரோடு இருக்கிறேன், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அக்கா துணைக்கு வருவாள். நான் வெளியே வந்ததும், "என்னட்டி, இந்த வருசமும் மாப்பிள்ளை அமையலியா?" என்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள்.

அப்படி ஒரு வருஷம் வரிசையில் மேலநீலிதநல்லூர் அம்மாள் ஒருத்தி எங்களுக்கு முன்னால் நின்றாள். வெற்றிலைக்காரி. யாரும் கேட்காமலே பேசினாள்.

"நான் மட்டுந்தான் வந்திருக்கேன். சக்களத்திக்கு மூட்டு வீக்கம், எந்திரிக்க மாட்டாம கெடக்கா."

"அவளுக்கு என்ன இங்கன சோலி?" என்றாள் அக்கா.

"அவளுக்கும் பாதி உண்டுல்லா. ஆளுக்குப் பாதி. சட்டம் வாரதுக்கு முந்தி தாலி கெட்டுனா ரெண்டு பேரும் பொண்டாட்டிதானாம். எனக்கே முழுசும் தாங்கன்னு கேட்டுப் பாத்தேன் தாயி. முடியாதுன்னுட்டாவ."

நான் உள்ளே போய் அங்கிருந்த கிளார்க் பெண்ணிடம் யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். அந்தம்மாள் சொன்னது சரிதான் என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் அக்கா முருங்கைக்கீரை வாங்கினாள். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து ஆய்ந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து, நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "ஏட்டி, நானும் கேக்கட்டுமா?"

"எதை?"

"என் பாதியை."

கேளுக்கா என்றேன். சுப்பையாவுக்குத்தான் கலக்கம். அவன் படித்தவன், அவன் பயந்ததில் நியாயமும் இருந்தது. முதல் விசாரணையில் சொன்னது பொய் என்று ஆகும். என் பென்ஷனை நிறுத்தலாம், வாங்கினதைத் திருப்பிக் கட்டு என்றும் சொல்லலாம். கிடைத்தாலும் என்ன? என்னிடமிருந்து பாதி குறைந்து அவளுக்குப் போகும். வீட்டுக்கு வருவது அதே தொகைதான்.

"பெரியம்மா, ஒங்களுக்கு என்ன கொறை? நான் தரலியா?"

"நீ தாரே, இல்லைன்னு சொல்லலை. நீ தந்தா நான் ஒனக்குப் பெரியம்மா. அவிய பென்ஷன் வந்தா நான் அவியளுக்குப் பொண்டாட்டி. ரெண்டும் ஒண்ணாலே?"

மறுநாள் அவனே மனு எழுதினான். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

தாலுகா ஆபீஸில் எங்களை நிற்க வைத்துக் கேட்டார்கள். தாசில்தார் அந்தப் பழைய போட்டோவை வைத்துக்கொண்டு, "இதில நீங்க இல்லையேம்மா" என்றார்.

"அதுல அவளுக்குத் தலை சீவுனது நான்தான்யா. வகிடு நேரா இருக்கான்னு பாருங்க."

"அப்போ விசாரணைக்கு வந்தப்ப ஏன் சொல்லலை?"

"அவரு என் வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டாரு, எங்கன்னு சொன்னேன். நான் அவியளுக்கு யாருன்னு ஒருத்தரும் கேக்கலை. இப்போ நீங்க கேக்கிய, சொல்லுதேன்."

தாசில்தார் திட்டத்தான் செய்தார். பொய் சொன்னதற்கு எழுதி வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்குச் சாட்சி கேட்டபோது எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வந்தார். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகத்தான் பேசுவார். "ரெண்டு கல்யாணத்துலயும் சாப்பிட்டவன் நான். மொதக் கல்யாணத்துப் பாயாசம்தான் பாயாசம். ரெண்டாவதுல வெல்லம் பத்தலை" என்றார். இரண்டாவது நான்தான். ஆபீஸே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். வெளியே வந்ததும், "பாத்தியா, எனக்குத்தான் வெல்லம் கூட" என்றாள்.

காகிதம் மெட்ராஸ் வரை போய்த் திரும்ப வெகுநாள் ஆயிற்று. நடுவில் எனக்கு வந்துகொண்டிருந்ததும் சில மாதம் நின்றது. சுப்பையா அதைச் சொல்லிக்காட்டவில்லை. அக்கா மட்டும் தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலில் நிற்பாள்.

உத்தரவு வந்த அன்று நான்தான் வாசித்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தேன். இறந்துபோன டபேதாரின் மனைவிகளுக்குச் சரிபாதியாக, என்று இருந்தது. முதலில் அவள் பெயர், அதற்குக் கீழே என் பெயர்.

"இறந்துபோனன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

போட்டிருக்கு என்றேன்.

அவள் எழுந்து கிணற்றடிக்குப் போனாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்தபோது நெற்றியில் ஒன்றும் இல்லை. ஒரு டம்ளரில் பால் எடுத்துவரச் சொன்னாள். தாலியை என் கையால் கழற்றிப் பாலில் போட்டேன். "வெளியூர் போயிருக்காவன்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இனிமே வரமாட்டாவட்டி" என்று சொல்லி அப்போதுதான் அழுதாள். பதினாறாம் நாளில் அழுதிருக்க வேண்டிய அழுகை. தெருவில் இரண்டொருவர் எட்டிப் பார்த்தார்கள். "இத்தனை வருசம் கழிச்சா தாலி அறுப்பா, இதென்ன கூத்து?" என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கவர்மெண்டு உத்தரவு இப்பத்தானே வந்துச்சு, என்ன செய்ய?" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வரிசையில் நின்றோம். அவள் பாதியை அவள் கையால்தான் வாங்குவாள். வாங்கி, வீட்டுக்கு வந்து, என் பாதியோடு சேர்த்து ஒரே டப்பாவில் போட்டுவிடுவாள். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று அவளும் கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கொடுத்துவிட்டு, "எனக்கும் அமையலை" என்பாள்.

உங்களில் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். யார் பெயர் எழுதியிருக்கிறது என்று உயிரோடு இருக்கும்போதே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். டீக்கடையில் கேட்டு எழுதாதீர்கள்.

போன வாரம் அவள் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு சுப்பையாவோடு சப்-டிரஷரிக்குப் போனேன். அவள் பென்ஷனை நிறுத்தச் சொல்ல வேண்டுமே. அந்தக் கிளார்க் பெண்தான் இருந்தாள். அவளுக்கும் கண் கலங்கியது. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆச்சி, பெரியாச்சிக்குப் பிள்ளைங்க உண்டா?"

"உண்டு" என்றேன். "இந்தா நிக்கான்."

"அவர் நீங்க பெத்தவர்லா. பெரியாச்சி பெத்த பிள்ளை, சின்ன வயசுல இருந்தா அவங்க பாதி அந்தப் பிள்ளைக்குப் போகும். இல்லைன்னா அதோட நின்னுரும். அதுக்குத்தான் கேக்கேன்."

"உண்டுன்னு எழுதுனா ஏதும் கூட வருமா?"

"வராது ஆச்சி. எல்லாரும் பெரியவங்க ஆயிட்டாங்க. எப்படி எழுதினாலும் ஒன்னும் வராது."

"அப்போ உண்டுன்னே எழுதேன் தாயி."

அவள் சுப்பையாவைப் பார்த்தாள். அவன் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்படி எழுத முடியாது என்று அவள் மெதுவாகத்தான் சொன்னாள். குழந்தைகள்: இல்லை. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். வெயிலில் வந்து நின்ற பிறகு, பேனாவைக் கொண்டுவந்துவிட்டேன் என்று தெரிந்தது. சுப்பையா கொண்டுபோய்க் கொடுத்தான்.

இன்னும் எனக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு வருஷங்கள் ஆயிற்று, எனக்கும் ஆகட்டும். அவளுடைய சேலைகளை எல்லாம் வீட்டு வேலைக்கு வருகிறவளுக்குக் கொடுத்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டது அவள் எப்போதும் சொல்லும் ஒரு சொல். "கேட்டதுக்குப் பதில் சொல்லு. கேக்காம விட்டதை நீயாப் போயிச் சொல்லு." பாதியைத்தான் அவள் பின்பற்றினாள் என்று தாசில்தார் சொல்லுவார். மீதியையும் கடைசியில் செய்துவிட்டாள் என்று நான் சொல்லுவேன்.

காகிதத்தில் கேட்காததை நானும் சொல்லுகிறேன். அவளுக்குப் பிள்ளைகள் உண்டு, பேரப்பிள்ளைகள் உண்டு. முருகா, கோமதி, பம்பாய்க்காரனே, புளியங்குடிப் பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும் ஆளுக்கொரு புதுப் போட்டோ எடுத்து எனக்குத் தபாலில் அனுப்புங்கள். வீட்டில் இருக்கிற பழசு வேண்டாம். ஸ்டூடியோவுக்குப் போய், தலை சீவி, நேராகப் பார்த்து எடுங்கள். பின்பக்கத்தில் உங்கள் பெயரை எழுதி, அதற்குக் கீழே ஆவுடையம்மாள் பேரன், ஆவுடையம்மாள் பேத்தி என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். உறையில் மடங்காமல் அட்டை வைத்து அனுப்புங்கள்.